மார்பகப் புற்றுநோயின் நிலையும் முன்கணிப்பும் எழுப்பும் அச்சம்: ஒரு விளக்கம்

முன்னுரை

2022ஆம் ஆண்டில் உலக அளவில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நோய் உறுதியானதும் தமிழ்க் குடும்பங்களில் எழும் முதல் வினா "எந்த ஸ்டேஜ்?" என்பதாகவே பெரும்பாலும் அமைகிறது. விடையாக வரும் ஓர் எண் அன்று மாலைக்குள் உறவினர் அனைவரையும் எட்டிவிடுகிறது. இரண்டு என்றால் பெருமூச்சு. மூன்று என்றால் அழுகை. நான்கு என்றால் மௌனம். அவ்வெண்ணை மருத்துவம் எதற்காக வகுத்தது, அதில் எது அடங்கியுள்ளது, எது அடங்கவில்லை என்பவை விளங்குவதற்கு முன்பே அது வாழ்நாளுக்கு வைக்கப்பட்ட கெடுவாகப் பொருள்கொள்ளப்படுகிறது.

இந்த அச்சத்தில் இரு கூறுகள் உள்ளன. ஒன்று நோயினால் வருவது. அதனை எவரும் சொற்களால் நீக்கிவிட இயலாது. மற்றொன்று, அறிக்கையிலுள்ள சொற்களும் எண்களும் பிறழ உணரப்படுவதால் வருவது. இரண்டாம் கூற்றைக் குறைப்பதற்கு உரிய செய்திகளும், முதற்கூற்றைத் தாங்கி வாழ்வதற்கு ஆய்வுகள் காட்டும் வழிகளும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

நிலை எதனை அளக்கிறது?

புற்றுநோயை நிலைப்படுத்தும் முறையைப் பிரான்சின் குஸ்தாவ் ரூசி நிறுவனத்தைச் சேர்ந்த பியர் தெனுவா 1943க்கும் 1952க்கும் இடையில் உருவாக்கினார். டி.என்.எம். என்று வழங்கும் இம்முறையில் 'டி' கட்டியின் அளவையும், 'என்' நிணநீர்க் கணுக்களில் நோய் காணப்படுவதையும், 'எம்' தொலைவிலுள்ள உறுப்புகளுக்கு நோய் பரவியிருப்பதையும் குறிக்கின்றன. மார்பகத்தைப் பொறுத்தவரை, 2 செ.மீ. வரையிலான கட்டி டி1, 2 செ.மீ.க்கு மேல் 5 செ.மீ. வரை டி2, அதற்கு மேல் டி3, அளவு எதுவாயினும் மார்புச் சுவரையோ தோலையோ தாக்கியிருப்பின் டி4. அக்குளில் ஒன்று முதல் மூன்று கணுக்களில் நோய் இருப்பின் என்1, நான்கு முதல் ஒன்பது வரை என்2, பத்தும் அதற்கு மேலும் என்3 என அறுவைக்குப் பிந்தைய பகுப்பு அமைகிறது. இம்மூன்றையும் சேர்த்தே ஒன்று முதல் நான்கு வரையிலான நிலை எண் பெறப்படுகிறது.

நோயின் இருப்பிடத்தை ஒரு குறிப்பிட்ட நாளில் பதிவுசெய்து, எந்தச் சிகிச்சை பொருந்தும் என முடிவுசெய்வதும், வெவ்வேறு மருத்துவமனைகளின் சிகிச்சைப் பயன்களை ஒப்பிடுவதும் இம்முறையின் நோக்கங்களாகும். ஒரு தனிப் பெண்ணின் வாழ்நாளைக் கணிக்கும் கருவியாக அது வடிவமைக்கப்படவில்லை.

நிலை எண்ணின் போதாமையை மருத்துவ உலகமே உணர்ந்துள்ளது. அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழுவின் எட்டாம் பதிப்பு விதிகள் 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. கட்டியின் அளவு, கணுக்கள் ஆகியவற்றுடன் உயிரணுக்களின் தரம், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரொஜெஸ்டெரோன் ஏற்பி, ஹெர்-2 புரதம் ஆகியவற்றையும் சேர்த்து 'முன்கணிப்பு நிலை' என்ற ஒன்றை அவ்விதிகள் மார்பகப் புற்றுநோய்க்கு வகுத்தன. அதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். இரு பெண்களுக்கும் கட்டியின் அளவு 2.4 செ.மீ.; இருவருக்கும் மூன்று கணுக்களில் நோய் உண்டு; வேறெங்கும் பரவவில்லை. உடற்கூற்று முறைப்படி இருவருமே இரண்டாம் நிலையின் 'பி' பிரிவினர். ஆனால் ஒருவருக்கு இரு ஹார்மோன் ஏற்பிகளும் உள்ளன, ஹெர்-2 இல்லை, தரம் இரண்டு எனில், அறுவைக்குப் பின் கணிக்கப்படும் முன்கணிப்பு நிலை ஒன்றாக இறங்குகிறது. மற்றவருக்கு இம்மூன்றும் இல்லை, தரமும் மூன்று எனில், அதே கட்டி மூன்றாம் நிலைக்கு ஏறுகிறது. உரிய மருந்துச் சிகிச்சை முழுமையாக அளிக்கப்படும் என்ற அடிப்படையிலேயே இக்கணிப்பு செய்யப்படுகிறது என்பதை மறத்தலாகாது. மாத்திரையை நடுவில் நிறுத்திவிட்டவருக்கு அந்த எண் பொருந்தாது.

நிலை எண் மாறுவதும் பேரச்சத்தை விளைவிக்கிறது. அறுவைக்கு முன் இரண்டு என்று கூறப்பட்டவரிடம், அறுவைக்குப் பின் மூன்று என்று கூறப்படலாம். இடைப்பட்ட இரு வாரங்களில் நோய் பாய்ந்து வளர்ந்துவிட்டது என்றே குடும்பத்தார் எண்ணுகின்றனர். அறுவையே பரப்பிவிட்டது என்ற பழிச்சொல்லும் எழுவதுண்டு. முதல் எண் கையால் தொட்டுப் பார்த்தும் படம் எடுத்தும் பெறப்பட்டது. இரண்டாம் எண் எடுக்கப்பட்ட திசுவை நுண்ணோக்கியில் கண்டு பெறப்பட்டது. பெரும்பாலும் மாறியது அளவீட்டின் துல்லியமே.

சொற்கள் விளைவிக்கும் அச்சம்

தமிழில் நோயைப் பற்றிப் பேசும்போது 'முற்றுதல்' என்ற வினை இயல்பாக வந்துவிடுகிறது. காய் முற்றுவதுபோல் நோயும் முற்றுகிறது. முற்றிய காய் பிஞ்சாவதில்லை. இவ்வுருவகத்தின்படி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்பவை ஒரே திசையில் செல்லும் படிகளாகின்றன. நான்காவது 'கடைசி ஸ்டேஜ்' ஆகிறது. ஆனால் எல்லா மார்பகப் புற்றுநோய்களும் இப்படிகளில் வரிசையாக ஏறுவதில்லை. சில கட்டிகள் பெரிதாக வளர்ந்தும் அக்குளைத் தாண்டாதிருக்கின்றன. வேறு சில சிறியனவாயினும் விரைந்து பரவுகின்றன. 'நிலை' என்ற தமிழ்ச் சொல்லோ நிற்கும் இடம், தற்போதுள்ள தன்மை என்ற பொருள்களைத் தருவது. 'ஸ்டேஜ்' என்ற கடன்சொல்லைவிட அது மருத்துவக் கருத்துக்கு நெருக்கமானது என்பது கருதத்தக்கது.

நிலையும் தரமும் மயங்குவது மற்றொரு சிக்கல். திசு அறிக்கையில் 'கிரேடு 3' என்றிருப்பதைக் கண்டு, மூன்றாம் ஸ்டேஜ் என்று நம்பி உறக்கம் இழப்போர் உண்டு. தரம் என்பது நோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதைக் குறிப்பதன்று. இயல்பான மார்பகத் திசுவிலிருந்து புற்றணுக்கள் தோற்றத்தில் எவ்வளவு விலகியுள்ளன என்பதையே அது குறிக்கிறது. நாட்டிங்காம் முறையில் குழல் அமைப்பு, உட்கருவின் தோற்றம், அணுப்பிளவின் எண்ணிக்கை ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 3 வரை மதிப்பெண் வழங்கப்படுகிறது. கூட்டுத்தொகை 3 முதல் 5 வரை எனில் தரம் ஒன்று; 6 அல்லது 7 எனில் தரம் இரண்டு; 8 அல்லது 9 எனில் தரம் மூன்று. முதல் நிலையிலேயே கண்டறியப்பட்ட சிறு கட்டியும் மூன்றாம் தரத்ததாக இருக்கலாம்.

'பாசிட்டிவ்' என்ற சொல்லின் கதை இன்னும் விசித்திரமானது. கொரோனாக் காலத்திற்குப் பின் தமிழ்நாட்டில் அச்சொல் 'நோய் இருக்கிறது' என்ற பொருளிலேயே ஊன்றிவிட்டது. எனவே 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்ற வரி ஒரு புதிய கேட்டின் அறிவிப்பாகப் படுகிறது. உண்மையில், கட்டி ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்து வளர்கிறது என்பதையும், ஆகவே டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளால் அதனைத் தடுக்க வழியுண்டு என்பதையும் அவ்வரி சொல்கிறது. மாறாக 'டிரிப்பிள் நெகட்டிவ்' என்பதைக் கேட்டு மகிழ்பவரும் உண்டு. அதுவோ ஹார்மோன் மாத்திரைகளும் ஹெர்-2 மருந்துகளும் பயன்படாத வகை.

ஹெர்-2 பாசிட்டிவ் என்பதன் பொருள் காலத்தால் மாறியதையும் இங்குச் சுட்ட வேண்டும். ஹெர்-2 மரபணு மிகுதியாகப் பெருகியுள்ள கட்டிகள் விரைந்து மீள்பவை என்பதை 1987இல் டெனிஸ் ஸ்லேமனும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்டனர். அந்நாளில் அது கெட்ட செய்தியே. 1998இல் அமெரிக்காவில் டிராஸ்டுஸுமாப் ஒப்புதல் பெற்ற பின்னர், அதே புரதம் மருந்து சென்று பற்றும் இலக்காகிவிட்டது. அறிக்கையில் அச்சொல் '2+' என்று வந்தால், அது ஐயத்துக்குரிய விடை. 'ஃபிஷ்' எனப்படும் மரபணுச் சோதனை முடியும்வரை எம்முடிவுக்கும் வர இயலாது. '3/14' என்ற எழுத்துமுறையும் விளக்கப்படுதல் நலம்: 14 கணுக்கள் எடுத்து ஆராயப்பட்டன, அவற்றுள் 3இல் நோய் உள்ளது என்பதே அதன் பொருள். '0/12' என்பது நல்ல செய்தி.

எண்களைப் படிக்கும் முறை

'ஐந்தாண்டு உயிர்வாழ் வீதம்' என்ற தொடரே பெருந்துயர் விளைவிப்பது. ஐந்து ஆண்டுகள்தாம் வாழ்வார் என்று அதற்குப் பொருள்கொள்வோர் ஏராளம். நோய் கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டுகள் கடந்த பின் எத்தனை விழுக்காட்டினர் உயிருடன் உள்ளனர் என்பதே அது. ஆறாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் வாழ்வோர் அனைவரும் அக்கணக்கில் அடங்குவர். ஐந்து என்பது ஆய்வாளர் தம் வசதிக்காகக் கொண்ட அளவுகோல்.

இன்று பலரும் கைப்பேசியில் முதலில் காண்பவை அமெரிக்க எண்கள். மார்பகத்தோடு நின்ற நோய்க்கு ஏறத்தாழ 99 விழுக்காடு, அக்குள் கணுக்கள் போன்ற அண்மைப் பகுதிக்குச் சென்ற நோய்க்கு ஏறத்தாழ 86, தொலை உறுப்புகளுக்குப் பரவிய நோய்க்கு 30ஐ ஒட்டி என்பன அவை. அந்நாட்டுப் பதிவேடு ஒன்று முதல் நான்கு என்ற நிலைகளின்படி இவ்வெண்களைத் தரவில்லை. 'உள்ளிடம், அண்மை, தொலைவு' என்ற வேறு பகுப்பின்படி தருகிறது. தம் நிலை எண்ணை அதில் பொருத்திப் பார்ப்பதே பிழையாக முடியும். மேலும், ஐந்தாண்டு வீதத்தைக் கணக்கிட ஐந்து ஆண்டுகள் கழிய வேண்டும் ஆதலின், இன்று படிக்கும் எண் பழைய சிகிச்சை பெற்றோரின் கதை. அமெரிக்க எண்கள் தமிழ்நாட்டிற்கு அப்படியே பொருந்தும் என்றும் கொள்ள இயலாது. எந்நாட்டு எண்ணாயினும் இறுதியில் அது ஒரு கூட்டத்தின் எண்ணே.

இதனை மிகத் தெளிவாக எழுதியவர் அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீஃபன் ஜே கூல்ட். 1982இல் அவருக்கு வயிற்று உறையில் மெசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் கண்டறியப்பட்டது. அந்நோயாளிகளின் வாழ்நாளின் இடைநிலை அளவு எட்டு மாதம் என நூலகத்தில் கண்டார். இடைநிலை அளவு என்பதற்குப் பாதிப் பேர் அதற்கு முன்னும் மீதிப் பாதியினர் அதற்குப் பின்னும் இறந்தனர் என்றே பொருள். முன் இறந்தோர் சுழியத்துக்கும் எட்டு மாதத்துக்கும் இடையில் நெருக்கப்பட்டிருக்க, மற்றப் பாதியினரின் வாழ்நாளோ பல ஆண்டுகளுக்கு நீளும் வாலாக விரிந்து கிடக்கிறது. தாம் அவ்வாலில் இருக்கக்கூடியதற்கான காரணங்களை எண்ணிப் பார்த்து, 1985இல் 'டிஸ்கவர்' இதழில் அவர் கட்டுரை எழுதினார். 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். அவர் நீண்ட நாள் வாழ்ந்தது எவருக்கும் உறுதிமொழி ஆகாது. வளைகோட்டைப் படிக்கும் முறைதான் அவர் விட்டுச் சென்றது. ஒரு நோயாளிக்கு எண் வேண்டுமெனில், "என்னைப்போன்ற 100 பேரில் பத்தாண்டில் எத்தனை பேர் இருப்பர்? இந்த மருந்தால் கூடுதலாக எத்தனை பேர்?" என்று கேட்பது "எனக்கு எத்தனை நாள்?" என்பதைவிடப் பயன் தரும். கேம்பிரிட்ஜில் உருவான 'பிரெடிக்ட்' என்ற கணிப்பு முறை இவ்வடிவிலேயே விடை தருகிறது. அது தொலைவுக்குப் பரவாத நோய்க்கு மட்டும் உரியது.

பழைய எண்களோடு ஒப்பிடுவதிலும் ஒரு பொறி உள்ளது. நுண்ணிய படக் கருவிகள் வந்தபின், முன்பு மூன்றாம் நிலை எனப்பட்டோருள் சிலரிடம் சிறு பரவல் கண்டறியப்பட்டு அவர்கள் நான்காம் நிலைக்கு மாற்றப்படுகின்றனர். மூன்றாம் நிலையிலிருந்து நலிந்தோர் நீங்குவதால் அதன் சராசரி உயர்கிறது. நான்காம் நிலையில் ஒப்பீட்டளவில் நலமுடையோர் சேர்வதால் அதன் சராசரியும் உயர்கிறது. ஒருவரும் கூடுதலாக ஒரு நாள்கூட வாழாமலேயே இரு நிலைகளும் முன்னேறியதாகத் தோன்றும். ஆல்வன் ஃபைன்ஸ்டைன் 1985இல் இதனை விளக்கி, வில் ரோஜர்ஸ் என்ற நகைச்சுவையாளரின் பெயரைச் சூட்டினார்.

அஞ்சுவதால் நோய் வளருமா?

நோயாளியைக் காண வருவோர் கூறும் ஆறுதல்களுள் தலையாயது "தைரியமாக இரு, தைரியம்தான் பாதி மருந்து" என்பது. அன்பினால் சொல்லப்படும் இச்சொல் ஒரு மறைமுகக் குற்றச்சாட்டாகவும் மாறிவிடுகிறது. இரவில் அழுத பெண், தான் அழுததாலேயே நோய் திரும்பிவிடுமோ என்று மறுநாள் அஞ்சுகிறாள்.

இந்நம்பிக்கைக்கு ஓர் ஆய்வுப் பின்னணி உண்டு. 1979இல் லண்டனில் ஸ்டீவன் கிரீரும் உடன் ஆய்ந்தோரும் 69 பெண்களை ஆராய்ந்து, போராடும் மனப்பாங்குடையோரும் நோயை மறுத்தோரும் நலமாக இருந்ததாக எழுதினர். செய்தி உலகெங்கும் பரவியது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1999இல், மேகி வாட்சனும் கிரீர் உள்ளிட்ட உடனாய்வாளர்களும் 578 பெண்களைக் கொண்டு அதனை மீண்டும் சோதித்தபோது, போராடும் மனப்பாங்கு உயிர்வாழ்வை நீட்டியதற்குச் சான்று கிடைக்கவில்லை. கையறு உணர்வும் ஆழ்ந்த மனச்சோர்வும் மிக்கோரிடம் மட்டும் விளைவு சற்றுத் தாழ்ந்திருந்தது.

குழு உரையாடல் சிகிச்சையின் வரலாறும் இத்தகையதே. நோய் பரவிய 86 பெண்களிடம் டேவிட் ஸ்பீகல் செய்த ஆய்வு, குழுவில் பங்குபெற்றோர் சராசரியாக 36.6 மாதங்களும் மற்றோர் 18.9 மாதங்களும் வாழ்ந்ததாக 1989இல் கூறியது. 235 பெண்களைக் கொண்டு பமீலா குட்வின் 2001இல் வெளியிட்ட ஆய்வில் வாழ்நாள் நீளவில்லை. ஆனால் மனத்துயரும் வலியும் குறைந்தன. அக்குறைவு சிறிய பயனன்று. துயரத்தைக் குறைப்பதற்குத் துயரம் கொடியது என்பதே போதிய காரணம். அது ஆயுளை நீட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உளப் புற்றுநோயியலை நிறுவியவர்களுள் ஒருவரான ஜிம்மி ஹாலண்ட், நேர்மறைச் சிந்தனையை நோயாளிமேல் திணிப்பதை ஒரு கொடுங்கோன்மை என்றே கருதினார். அஞ்சும் பெண்ணுக்கு மருத்துவர் உறுதியாகக் கூறக்கூடியது ஒன்றுண்டு: அழுகை நோயை வளர்ப்பதில்லை. அச்சத்தால் மருத்துவமனைக்கு வராதிருப்பதும், சிகிச்சையை நடுவில் விடுவதும்தாம் தீங்கு செய்கின்றன.

அச்சத்தைத் தாங்கும் வழிகள்

ரிச்சர்ட் லாசரசும் சூசன் ஃபோக்மனும் 1984இல் வெளியிட்ட நூலில் எதிர்கொள்ளலை இருவகையாகப் பகுத்தனர்: சிக்கலைத் தீர்க்க முனைவது, சிக்கல் எழுப்பும் உணர்வை ஆற்றுவது. நிலை பற்றிய கவலையில் இவ்விரண்டும் மாறி மாறி வேண்டப்படுகின்றன. மருத்துவரைக் காணும் நாளில் முதல்வகை பொருந்தும். வினாக்களைத் தாளில் எழுதிச் செல்லுதல், பதற்றமற்ற ஒருவரை உடனழைத்துச் சென்று விடைகளைக் குறிக்கச் சொல்லுதல், திசு அறிக்கையின் படியைக் கேட்டுப் பெறுதல் ஆகியவை எளியன. ஆயினும் பெரும் பயன் தருவன. திசு அறிக்கைக்கும் ஹெர்-2 முடிவுக்கும் காத்திருக்கும் நாள்களில் செய்வதற்கு ஒன்றும் இராது. அப்போது தேடுபொறியில் தேடத் தேட விடை வருவதில்லை. வேறொருவரின் துயரக் கதைதான் வருகிறது. கவலைப்படுவதற்கென நாளில் அரைமணி நேரத்தை ஒதுக்கி, மற்ற நேரத்தில் எழும் கவலையை அவ்வேளைக்குத் தள்ளிவைக்கும் முறையை உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் 1983இல் முன்வைத்தார். கவலைப்படாதே என்ற அறிவுரையைவிட இது நடைமுறைக்கு ஏற்றது. கவலைப்படும் உரிமையை அது பறிப்பதில்லை.

அச்சம் எப்போது சிகிச்சைக்கு உரியதாகிறது என்பதற்கு எளிய அளவுகோல் உள்ளது. வெப்பமானி வடிவில் 0 முதல் 10 வரை வரையப்பட்ட கோட்டில் கடந்த வாரத்தின் துயரத்தை நோயாளி குறிக்கிறார். 4உம் அதற்கு மேலும் எனில் மேல் விசாரணை தேவை. வாரக்கணக்கில் உறக்கமின்மை, உண்ண மனமின்மை, மருத்துவமனை நாளைத் தவிர்த்தல் ஆகியவை தெளிவான அடையாளங்கள். மனநல மருத்துவரை நாடுவோர் டமாக்சிஃபென் உட்கொள்வதைத் தவறாது கூற வேண்டும். பேராக்செட்டின், ஃபுளூவாக்செட்டின் போன்ற மருந்துகள் டமாக்சிஃபென் உடலில் செயல்வடிவம் பெறுவதைத் தடுக்கக்கூடும். மாற்று மருந்துகள் உள்ளன.

குடும்பத்தின் மறைப்பு தனியே பேசத்தக்கது. "அம்மாவிடம் ஸ்டேஜைச் சொல்லாதீர்கள்" என்று மகனோ கணவரோ மருத்துவரிடம் தனியே கேட்டுக்கொள்வது தமிழ்நாட்டில் அரிதன்று. அதில் அன்பு உண்டு. ஆனால் மருத்துவமனையின் பெயர்ப்பலகையும், தாழ்வாரத்தில் தாழும் குரல்களும், திடீரென வந்து சேரும் உறவினரும் அந்த அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுகின்றனர். அதன்பின் அவர் தம் அச்சத்தையும் தனியே சுமக்கிறார். தமக்குத் தெரியும் என்பதை மக்களிடமிருந்து மறைக்கும் பாரத்தையும் சுமக்கிறார். ராபர்ட் பக்மனும் உடன் பணியாற்றியோரும் 2000இல் வெளியிட்ட ஆறு படிமுறையில், நோயாளி எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரையே கேட்பது செய்தியைச் சொல்வதற்கு முந்தைய படியாக வைக்கப்பட்டுள்ளது. எண்கள் வேண்டாம், சிகிச்சையை மட்டும் சொல்லுங்கள் என்பதும் மதிக்கத்தக்க விடையே. அவ்விடையை அவர் தர வேண்டும். அவர் பொருட்டுப் பிறர் தருதல் ஆகாது.

நான்காம் நிலையினரிடம் இவ்வுரையாடல் இன்னும் நேர்மையாக அமைதல் வேண்டும். பெரும்பாலும் அந்நோயை முற்றிலும் நீக்க இயலாது. எனினும் மருந்துகளால் பல மாதங்களும், சிலரிடம் பல ஆண்டுகளும் கட்டுப்படுத்த இயலும். எலும்பில் மட்டும் பரவிய ஹார்மோன் சார்ந்த நோயும், மூளைக்குப் பரவிய நோயும் ஒரே எண்ணைப் பெற்றாலும் ஒரே போக்கின அல்ல. வலி தணிப்பு மருத்துவம் இறுதி நாள்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தால் அதனைத் தள்ளிப்போடுவோர் வீணே வலியைத் தாங்குகின்றனர்.

சிகிச்சை முடிந்தோருக்கும் அச்சம் முடிவதில்லை. மறுபரிசோதனை நாள் நெருங்கும்போதெல்லாம் அது திரும்பி வருகிறது. ஹார்மோன் சார்ந்த நோய் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் மீளக்கூடும் என்பதால்தான் மாத்திரை சிலருக்குப் பத்தாண்டுகள்வரை நீட்டிக்கப்படுகிறது. இவ்வச்சத்தைத் தணிக்க ஆண்டுதோறும் முழுவுடல் ஸ்கேனும், இரத்தத்தில் கட்டிக் குறியீட்டுச் சோதனையும் வேண்டும் எனக் கேட்போர் பலர். அறிகுறி ஏதும் இல்லாதவரிடம் இவற்றை வழக்கமாகச் செய்வதை மருத்துவ வழிகாட்டு நெறிகள் பரிந்துரைப்பதில்லை. அவை ஆயுளை நீட்டுவதாகக் காணப்படவில்லை, பொய்யான ஐயங்களை எழுப்பி மேலும் சோதனைகளுக்கு இட்டுச் செல்கின்றன. பரிந்துரைக்கப்படுபவை மருத்துவரின் நேரடிப் பரிசோதனையும், ஆண்டுக்கொருமுறை மேமோகிராமும் ஆகும். இடையில் தொடர்ந்து நீடிக்கும் எலும்பு வலி, மூச்சுத் திணறல், காரணமின்றி எடை குறைதல், அக்குளிலோ அறுவைத் தழும்பிலோ புதிய கட்டி ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் அடுத்த முறைநாள்வரை காத்திராமல் மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.